ஜூன் மாதத்துக் காலிக் கட்டங்கள்

விளம்பரத்தில் ஓரிடம்தான்.
கணிதம், உயிர்மருத்துவப் பயன்பாடு,
முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு, மாத உதவித்தொகையுடன்.
வயது வரம்பு முப்பத்திரண்டு.
எனக்கு அன்றைக்கு முப்பத்தொன்று, பத்து மாதம்.

புதுவயல் கடைத்தெருவில்
நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன்.
தராசில் ஒரு ஜோடிக் கம்மல்,
கல்லுக்குக் கழித்து நாலு கிராம் அறுநூறு மில்லி.
எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான்.
(பதக்கம் கில்ட். நானே உரைத்துப் பார்த்துவிட்டேன்.)

நேர்காணல் காரைக்குடியில்.
பஸ் கண்டனூர் தாண்டும்வரை
அரிசி மில்லின் தவிட்டு வாசம்
வகைக்கெழு நோட்டுக்குள்ளேயே இருந்தது.

ஐந்து பேர். ஒருவர் கேட்டார்:
"எட்டு வருஷம் என்ன செய்தீர்கள், உமையாள்?"
"வட்டிக் கணக்குப் பார்த்தேன்."
சிரித்தார்கள்.
எழுந்து பலகையில் எழுதினேன்:
இருப்பது எவ்வளவோ, ஏறும் வேகம் அவ்வளவு.
முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால்
டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவர் ரத்தத்தில்
யூரியா இறங்கும் வேகம்.
ஒரே சமன்பாடு.
சாக்பீஸால் ஒரு சின்னக் கோடு,
அவ்வளவுதான் நடுவில்.

தேவகோட்டை மருத்துவமனைப் பதிவுகளைத் திரையில் போட்டார்கள்.
இருநூற்றுப் பதினான்கு பேர், வாரம் மூன்று முறை.
ஏறி இறங்கி ஏறி இறங்கி
வரைபடம் ரம்பம் மாதிரி இருந்தது.
அங்கங்கே பல் உடைந்திருந்தது.

"விடுபட்ட தரவு" என்றார் டாக்டர் இருளப்பன்.
"தற்செயலாக விடுபட்டவை. சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாம்."

தேதிகளைப் பார்த்தேன்.
ஜூன் மூன்று. ஜூன் ஐந்து. ஜூன் பத்து.

"தற்செயல் இல்லை சார்.
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்.
ஜூனில்தான் என் கவுண்ட்டர் வரிசை தெருவுக்கு வரும்.
வட்டி கட்ட வராதவர் கட்டத்தில்
நாங்கள் சராசரி எழுதுவதில்லை.
அந்த நகை மூழ்கப்போகிறது என்று எழுதுவோம்."

"சிகிச்சை இலவசமாயிற்றே?"
பேராசிரியர் எஸ்தர் பேனாவை மூடித் திறந்தார்.
"பஸ் இலவசமில்லை மேடம்.
துணைக்கு வருகிறவரின் நாள்கூலியும்."

இடம் கிடைத்தது.

என் ஆய்வுத் தலைப்பில் பதினேழு சொற்கள்.
ஜூன் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை,
'தற்செயலற்ற விடுபடல்' என்று ஒரு தொடர் இருக்கிறது,
அதற்குள் அவர்கள் எல்லோரும்
இடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரிசை நூற்றுப் பதினேழு:
மே கடைசி வரை யூரியா, பொட்டாசியம், எடை.
பிறகு நான்கு வெள்ளைக் கட்டங்கள்.
பிறகு திரும்பி வருகிறார், ஆறு கிலோ கூடி.
அவ்வளவும் தண்ணீர்.
மூன்று ராத்திரி நிரலை ஓட்டியும்
அந்த நான்கு கட்டத்துக்குள்
அவர் எப்படிப் படுத்தார், எந்தப் பக்கம் சாய்ந்தால் மூச்சு வந்தது
என்று என் மாதிரி சொல்லவில்லை.
யூரியா எவ்வளவு ஏறியிருக்கும் என்று மட்டும் சொல்கிறது,
பிழை வரம்போடு.

உதவித்தொகை, சேர்ந்த நாளிலிருந்து வரவில்லை.
கோப்பு டெல்லியில் இருக்கிறதாம்.
இல்லையாம், கிளம்பிவிட்டதாம்.
என் வங்கிக் கணக்கிலும்
ஐந்து காலிக் கட்டங்கள்.

ஆறாம் மாதம் பழைய கவுண்ட்டருக்குப் போனேன்.
என் நாற்காலியில் ரபீக்கா.
வளையல் இரண்டையும் உரைகல்லில் தேய்த்துவிட்டு,
"எந்தத் தேதிக்கு மீட்பே?" என்றாள்.
மனசு தானாக வட்டியை ஏற்றத் தொடங்கியது,
கூட்டல் குறியோடு.

மழைக்காலம் இல்லை, அறுப்பும் இல்லை,
ஜூன்.
பின்னால் வரிசை தெருவில் நின்றது.
எனக்கு அடுத்தவர் இடது முழங்கையில்
கயிறு போலப் புடைத்த நரம்பு, மேலே பிளாஸ்திரி.
மற்றக் கையில் ஒரு குழந்தையின் கொலுசு.

உங்கள் எண் என்ன என்று கேட்க நாக்கு வரை வந்தது.

"தேதி தெரியலை ரபீக்கா.
இவரை முதல்ல பாரு."