நான்காவது பொத்தான்

கமார்ராவில் என் கடை, மூன்றாம் மாடி.
பள்ளிச் சட்டை, செவிலியர் அங்கி, காவலாளி கால்சட்டை.
ஜூலை மாதம். தூறலா மூடுபனியா என்று
லிமாவே முடிவு செய்யாத ஈரம்.
துணி எதுவும் காய்வதில்லை.

ரோனால் கோரி வந்தான்.
மினிபஸ் நடத்துநர்.
விடியலிலிருந்து கதவில் தொங்கி
நிறுத்தங்களின் பேரைக் கூவிக் கூவி
குரல் சல்லடையாகியிருந்தது.
கைப்பேசியை மேசைமேல் வைத்தான்.
உள்ளே நாற்பத்தொரு படங்கள்,
ஒரே கோட்டு.

"ஜப்பான் கார்ட்டூனா?" என்றேன்.
முகம் சுருங்கியது. "அனிமே, சென்யோரா."
அவன் பிள்ளையின் பேரை நான் தப்பாகச் சொன்னதுபோல.

கோட்டுக்கு உரியவன் ஒரு படகோட்டி.
எட்டு அத்தியாயமாக ஒரு வார்த்தை பேசவில்லை.
காயமா, சபதமா, யாருக்கும் தெரியாது.
அதற்காகத்தான் இவனைப் பிடித்ததா
என்று கேட்க வாயெடுத்து
ஊசியில் நூல் கோத்தேன்.

சாம்பல் நீலம். அகலக் காலர். ஆறு பொத்தான்.
விலை பேசி முடித்த பிறகு சொன்னான்:
நான்காவதை மட்டும் பிரஸ் பட்டனில் வையுங்கள்,
கழற்றி மாட்டும்படி.

ஏன்?

ஓடவிட்டான். படகோட்டி துடுப்பை ஓங்குகிறான்,
அலை எழுகிறது, தலைமுடி பறக்கிறது.
நிறுத்தினான். கொஞ்சம் பின்னால். இன்னும் ஒரு துளி.
அங்கே.
ஐந்து பொத்தான்.
ஒரு நொடியை இருபத்து நான்காய் நறுக்கினால்
அதில் ஒரே ஒரு துண்டு.
அடுத்ததில் ஆறாகிவிட்டது, ஒன்றும் நடக்காததுபோல்.

"யாரோ தூங்கி விழுந்திருக்கிறார்கள்," என்றான்,
குற்றம் சொல்லும் குரலில் அல்ல.
"கடைசி டிரிப்பில் நானும்
சில்லறை தப்பாய்க் கொடுப்பேன்."

அன்றிரவு எனக்கும் தூக்கமில்லை.
பசிபிக்கின் அந்தக் கரையில்
ஆணோ பெண்ணோ, அடியில் விளக்கெரியும் ஒரு பலகை,
ஆறிய நூடுல்ஸ்,
தாளுக்கு இத்தனை யென் என்று கூலி.
எனக்குச் சட்டைக்கு இத்தனை என்பதுபோல.
அலையை வரைந்தாயிற்று. கண் செருகுகிறது.
இமைப்பதற்குள் போய்விடும் தாளில்
பொத்தானை எண்ண யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பாக்கிப் பணம் வாங்கத்தான் போனேன்.
பழைய வணிக வளாகம். படிக்கட்டெங்கும்
இறக்கை, வாள், நரிக்காது,
பச்சைத் தலைமுடியோடு ஒரு வங்கிக் காசாளர்,
ஒடிந்த கொம்புக்குப் பசை தேடும் பல்மருத்துவ மாணவி.
பாதிப் பேருக்கு ஓரம் மடிக்கத் தெரியவில்லை.
பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்
மூன்று பேருக்கு ஊக்கு குத்திவிட்டேன்.

ரோனால் சுவரோரம் நின்றான்.
பணத்தை நீட்டினான், பேசவில்லை.
வேஷம் கலையக் கூடாதாம்.
ஒரு நாள் முழுக்கக் குரலுக்கு விடுமுறை.
நான்காவது இடத்தில் வெறும் துணி.
இரண்டு மணி நேரம், ஒருவரும் கவனிக்கவில்லை.

அட்டைக் கவசம் போட்ட ஒரு பையன்,
பன்னிரண்டு வயதிருக்கும், கடந்துபோனான்.
நின்றான். திரும்பி வந்தான்.
மேலிருந்து கீழாக விரலால் எண்ணினான்.
"பதினேழாவது நிமிஷம்!" என்று கத்தினான்,
வளாகமே திரும்பும்படி.

ரோனால் தலையசைத்தான்.
வாய் திறக்கவில்லை.
துடுப்பு மட்டும் நடுங்கியது.

திங்கட்கிழமை இருநூறு பள்ளிச் சட்டை.
ஒன்றுக்கு ஆறு பொத்தான்.
ஏதாவது ஒன்றில், என்று கை தயங்கியது.
இல்லை.
எண்ணித்தான் தைத்தேன்.