சர்க்கரைக் கணக்கு

ஆய்வகத்துக்கு எதற்கு நாற்பது கிலோ சர்க்கரை
என்று எழுதிக் கேட்டிருக்கிறார் கணக்கர் ஓரின்பாய்.
தேநீருக்கு இல்லை, ஐயா. மண்ணுக்கு.
சல்லடையில் தங்கிய சேற்றைப்
பாகில் விட்டுச் சுழற்றினால்
மணல் அமிழும்,
பூஞ்சையின் வித்துகள் மிதக்கும்.

தக்தகோப்பிர் வயல்கள் மார்ச்சில்
பனி விழுந்தாற்போல் வெளுத்திருக்கும்.
பனியென்றால் உருகும்.
இது காலணிக்கடியில் நொறுங்கி
காலணியோடு வீட்டுக்குள் வரும்,
ரொட்டி மாவில் ஏறும்.
எந்த உமணரும் வண்டியேற்றி வராத உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்தான்;
ஆற்றைப் பருத்திக்குத் திருப்பியவர்கள்
முகவரி விட்டுப்போகவில்லை.

ஜரில்காப்பின் வயல் நடுவே பத்துக் குழி தோண்டினேன்.
இரண்டே வகை.
வடிகால் கரையில்,
ஆண்டுதோறும் அவர் வெட்டி எரிக்கிற
அதிமதுரப் புதரின் காலடியில்
ஒன்பது.

தேன்துளி போல் ஒன்று.
வாலோடு ஒன்று, தலைப்பிரட்டை மாதிரி.
கறுத்துச் சிவந்து, ஊசிமுனையிலும் சிறுத்து.
கடைசியானதற்கு எந்தப் பட்டியலிலும் பேரில்லை;
பேரேட்டில் 'கரை ஒன்பது' என்று எழுதிவைத்தேன்.

பள்ளிக்கூட மையும் வினிகரும் கலந்து
வேரை நனைத்துக் கண்ணாடிக்கடியில் வைத்தால்
ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நீல மரம்,
இலையில்லாமல், கிளை மட்டும்.
அங்கேதான் சந்தை:
மணிச்சத்து உள்ளே, இனிப்பு வெளியே.
எடைக்கல் யார் கையில் என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜரில்காப் கேட்டார்:
"உப்பைத் தின்னுமா அது?"
தின்னாது.
"பின்னே?"
வேரோடு சேர்ந்து தாங்கிக்கொள்ளும். கொஞ்சம் கூடுதல் நாள்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"அதை நானே முப்பது வருஷமாய்ச் செய்கிறேன், ஸிவார்.
என்னை யாரும் எண்ணவில்லை."

என்னிடம் அதற்குச் சல்லடை இல்லை.

ஏப்ரலில் அவர் டிராக்டர்
கரைக்குப் பத்தடி முன்னாலேயே திரும்பியது.
என் பேச்சினாலா, டீசல் விலையினாலா,
கேட்கவில்லை.
அதிமதுரம் இந்தமுறை ஊதாப் பூ வரைக்கும் போனது.
ஆடு ஒன்று பாதியை மேய்ந்தது.

ஓரின்பாய்க்குப் பதில் எழுதிவிட்டேன்:
நாற்பது போதாது.
கோதுமைப் பக்கத்துக் கரைகளை
இன்னும் தோண்டவேயில்லை.