கம்பி முடியும் இடம்

எஞ்சின் மாற்ற எத்தனை நிமிசம் என்று கேட்டாள்
அளவைக்கு வந்தவள். மஞ்சள் தொப்பி,
கக்கத்தில் சுருட்டிய வரைபடம், பேர் சுடர்மதி.
ஒன்பது என்றேன்.
பன்னிரண்டு என்று எழுதினாள்.

ஒன்பதுதான், பிள்ளை.
கொக்கி தளர்த்த இரண்டு. பிரேக் குழாய் கழன்றதும்
மூச்சை உள்ளே இழுக்கும், கையை விலக்கிக்கொள்ளவேணும்.
பழையது பிரிந்து தூண் தாண்டிப் போக மூன்று.
மற்றது பின்னுக்கு வந்து பெட்டியில் முட்டும்போது
தேத்தண்ணிக் கடைக் கிளாசுகள் ஒருதரம் பேசிக்கொள்ளும்.
மிச்சம் நாலும்
விமலசேன இறங்கிப் பீடி பற்றவைக்க.

சிரித்தாள். பன்னிரண்டை வெட்டவில்லை.

கடதாசியில் தெற்கிலிருந்து ஏறி வருகிறது கரண்டுக் கம்பி,
வவுனியா வரைக்கும் சிவப்பு மையில்.
பிறகு ஒரு சின்னக் குறுக்குக் கோடு.
அதற்கு வடக்கே டீசல்.
'திரும்பவும் இங்கயோ முடியுது?'
'கம்பிதான் ஐயா முடியுது. தண்டவாளம் போகும்.'

இருபது வருசம் தண்டவாளமே முடிந்து கிடந்த ஊரில்
கொடி பிடித்து நின்றவன் நான்.
எனக்கு அந்த வித்தியாசம் விளங்கும்.

ஆனாலும் இங்கே இடம் நெருக்கம்.
ஒரு பக்கம் சரக்குக் கொட்டகை, மறுபக்கம் வாய்க்கால்.
'ஓமந்தையில மாத்தலாமே,' என்றேன்,
'வெட்டையாக் கிடக்குது, ரெண்டு லைன் போட்டாலும் மிஞ்சும்.'

பேனை நின்றது.
'ஓமந்தை வேண்டாம்.'
'மண் சரியில்லையோ?'
'மண் நல்லம்.'

கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
'அங்க ஒருக்கா எல்லாரும் இறங்கி,
பை திறந்து காட்டி, வெயிலுக்குள்ள நடந்து
வேற பஸ் ஏறினவங்கள்.
நான் கொண்டுவந்த கோழிக்குஞ்சுப் பெட்டியையும்
திறந்துதான் பார்த்தவை.'
'சனம் இறங்காது, பிள்ளை. எஞ்சின்தானே மாறும்.'
'தெரியும்,' என்றாள்.
தெரிந்தும் எழுதவில்லை.

நாலரை வண்டி சூடேறி வந்து நின்றது.
வேறு எஞ்சின் பூட்டவேண்டும்.
கதவைத் திறந்து அதன் வயிற்றை எட்டிப் பார்த்தவள்
'இதுக்குள்ளயும் கரண்டுதான்,' என்றாள்.
எண்ணெய் எரிந்து டைனமோவைச் சுத்துமாம்,
டைனமோ மோட்டரை, மோட்டர் சில்லை.
முப்பத்திரண்டு வருசம் இதன் மூக்கைப் பிடித்துப் பூட்டியிருக்கிறேன்,
வயிற்றில் என்ன என்று கேட்டதில்லை.

'சைக்கிளைக் கவிட்டு வைச்சு
நான் பெடலைக் கையால சுத்துவன் ஐயா.
சுத்தினால்தான் ரேடியோ.
கை ஓய்ஞ்சால் செய்தி பாதியில நிண்டிடும்,
எந்த ஊரில ஷெல் எண்டு சொல்ல முதலே.
அப்பா ஒண்டும் சொல்லமாட்டார்,
மற்றக் கைக்கு மாத்து எண்டு
என்ரை தோளில தட்டுவார்.'

கொக்கியைத் தளர்த்தினேன்.
பெட்டிகளுக்குள் மின்விசிறிகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்தன.
யன்னல்களில் கைபேசி வெளிச்சம்,
ஒரு குழந்தை பிஸ்கட்டுக்கு அழுதது.
குழாய் இறுகிப் போயிருந்தது. சுத்தியலுக்கு ஆள் ஓடினான்.
விமலசேன ஒரு பீடி முடித்து
இன்னொன்று எடுத்தான்.

முட்டிய சத்தம் கேட்டபோது
மேடை மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பதின்மூன்று.

சுடர்மதி அந்தப் பக்கம் திரும்பி
வாய்க்காலின் அகலத்தை
மும்முரமாய் அளந்துகொண்டிருந்தாள்.