நொடிக்கு நாற்பது

மூளைக்குத் தாளம் போடுவது என் வேலை.
பேருந்தில் கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்.
சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதற்குள்
அரியாங்குப்பம் வந்துவிடும்.

அறையில் சன்னல் இல்லை. ஒரு கட்டில்,
இருபத்தொரு ஒயர், பசை, தலையணைமேல் துண்டு,
முகத்துக்கு ஒரு முழத்தில் விளக்கு.
கண்ணை மூடிக்குங்க. மூடின இமைமேலதான் வெளிச்சம் விழும்.

நொடிக்கு மூன்று. நொடிக்கு ஆறு. நொடிக்குப் பத்து.
பத்தில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்:
திரையில் பின்மண்டைக் கோடுகள்
ஐஸ் வண்டி மணிக்குப் பின்னால் பிள்ளைகள் மாதிரி
விளக்கின் பின்னாலேயே ஓடும்.

என்ன தெரிந்தது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
நானாகக் கேட்பேன்.
தேவனாம்பட்டினம் அஞ்சாபுலி, வலைக்கண் என்றார்,
சிவப்பு நூலில், ஒரு மீனும் இல்லாமல்.
லாஸ்பேட்டையில் பி.காம். படிக்கும் பெண்
தரை ஓடு என்றாள், நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள்.
முத்தியால்பேட்டை சலூன்காரர் எதுவும் சொல்லவில்லை,
கைக்குட்டை கேட்டார்.
ஒருமுறை, பதினாறில், ஒரு பையனின் தோள் துள்ளியது.
என் விரல் தானாகப் போய் அணைத்தது.
அன்றிலிருந்து அந்த விரலுக்கு மட்டும் மரியாதை.

புதிதாக வந்த பெட்டி வேறு ரகம்.
வெளிச்சமும் நாற்பது, காதில் சொடுக்கும் நாற்பது,
மறதிக்காரர்களுக்கு, தினம் ஒரு மணி நேரம்.
பலன் உண்டா என்று டாக்டர் குணபூஷணிக்கே தெரியாது;
தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம்.
பாதிப் பேருக்கு நிஜத் தாளம், பாதிப் பேருக்குத் தாறுமாறு.
யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள்.

துரைக்கண்ணு, மூடிப்போன மில்லில் ஸ்பின்னிங்.
மகள் பேரை மறந்து இரண்டு வருஷம்.
ஒன்பதாம் நாள், காதில் பொட்டுப் பொட்டென்று ஓட,
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
காற்றில் அறுந்த இழை ஒன்றைப் பிடித்து
முறுக்கி, முடிந்து, விட்டன. மறுபடி. மறுபடி.
"எந்த ஷிப்டும்மா?"
மகள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்து
"அரை ஷிப்டு" என்றேன்.
அவர் ஏதோ சொன்னார்.
மகள் சிரித்துவிட்டாள், அழுதும்விட்டாள்.
நான் பதிவேட்டில் நேரம் குறித்தேன்: மூன்று நாற்பத்திரண்டு.

நாலு மாசம் கழித்து உறையைப் பிரித்தோம்.
அவர் காதில் ஓடியது தாறுமாறு.

அன்றைக்கு எல்லோரும் போனபின்
என் தலையிலேயே ஒயர்களை ஒட்டிக்கொண்டேன்,
முன்பக்கம் கண்ணாடி பார்த்து, பின்பக்கம் உத்தேசமாக.
மூன்று. ஆறு. பத்து. பதினான்கு.
உள்ளே பழுப்பு. கொஞ்சம் அசைந்த பழுப்பு.
பதிவை ஓட்டிப் பார்த்தால்
விளக்கு ஒரு பக்கம், ஜெசிந்தா ஒரு பக்கம்.
சில பேருக்கு அப்படித்தான் இருக்கும், நோயில்லை என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
எனக்குச் சொல்ல அந்த அறையில் ஆளில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் டியூப்லைட்.
எட்டாம் வகுப்பு முழுக்க,
டீச்சர் உட்பட.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எட்டேகால்.
டீக்கடை வாசலில் குழல்விளக்கு ஒன்று
எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
ஸ்டார்ட்டர் டிக். டிக். டிக்டிக்.
சோக்கு வண்டாய் முரன்றது.
சூடான டம்ளரைத் துப்பட்டாவில் பிடித்தபடி
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், எண்ணாமல்.
பழுப்புக்குள் ஏதோ ஓரமாக நகர்ந்தது,
நிறம் என்று சொல்ல முடியாது.
ஒயர் இல்லை. எழுதிவைக்க எதுவும் இல்லை.

மாஸ்டர் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினார்.
பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது,
டீ சிந்தும் அளவுக்கு.
துரைக்கண்ணு அன்று சொன்னது:
"அப்போ சம்பளமும் பாதிதானா?"