எட்டாம் கட்டம்

தம்புச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமலிருக்க
கப்பல் ரசீதுகளின் மேல்
ஒரு பித்தளை நட்டு வைத்திருக்கிறேன்.
அது எந்த நாட்டு நட்டு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

படிவத்தில் எட்டாம் கட்டம்: பிறப்பிடம்.
பதினோரு வருடமாக
இந்தியா என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனவள் நான்.
இப்போது அந்தக் கட்டம் வந்ததும்
விரல் நின்றுவிடுகிறது.

அம்பத்தூரிலிருந்து வரும் இந்தப் பம்பின்
வயிறு இங்கே வார்த்தது.
காந்தம் நிங்போவிலிருந்து வந்துகொண்டிருந்தது,
வராமல் நின்றது,
பிறகு ஹைபாங் வழியாக
வேறு அட்டைப்பெட்டி போட்டுக்கொண்டு வந்தது.
வளையம் கோட்டயத்து ரப்பர்.
திருகாணி,
விடுங்கள்.

என் அப்பா ரங்கூனில் பிறந்து
கப்பலில் ஏற்றப்பட்டு
வியாசர்பாடியில் இறக்கப்பட்டவர்.
அவருடைய படிவத்திலும் இந்தக் கட்டம் இருந்தது.
கடைசிவரை இரண்டு விதமாக எழுதினார்.

போன வருடம் பம்புக்கார கிரிதரன்
மைசூர்பாகுப் பெட்டியோடு படியேறி வந்தார்.
சீனாவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்
அம்பத்தூரைத் தேடி வந்திருந்தார்கள்.
'ஊர் ரெண்டுபட்டா
கூத்தாடிக்குக் கொண்டாட்டம், பூங்காவனம் மேடம்!'
புதிதாக ஒரு ஷெட், இரண்டு கடன்,
முப்பது பையன்கள் ஒடிசாவிலிருந்து.

நாத்தனார் மகள் சுங்குவார்சத்திரத்தில்
கைபேசிகளுக்கு முதுகு ஒட்டுகிறாள்.
இயந்திரம் சொல்லிக்கொடுக்க வந்த சீனப் பொறியாளரை
ஒரே ராத்திரியில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம்.
பாதிப் பாடத்தில் போய்விட்டார்.
மீதியை இவர்களாகவே
உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டார்கள்.
அவர் விட்டுப்போன பிளாஸ்கில்
மூன்றாம் ஷிப்டுக்காரிகள் காபி கொண்டுபோகிறார்கள்.
சூடு நன்றாக நிற்கிறதாம்.

இந்தச் செவ்வாய் ராத்திரி
எங்கோ ஒரு மேசையில்
ஒரு கையெழுத்து.
ஏழாம் தேதிக்கு முன் ஏற்றிய சரக்குக்குப் பழைய வரி,
பின் ஏற்றியதற்கு இரண்டு மடங்கு.

எங்கள் பெட்டி ஏறியது ஒன்பதாம் தேதி.

நாலாம் தேதியே ஏறியிருக்கும்.
செங்கடலில் ஏவுகணை என்று
அந்தக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.
இங்கே தாவீது எர்ணாவூர்ச் சாலையில்
டிரெய்லரை நிறுத்திவிட்டு
அடியில் ஸ்டவ் பற்றவைத்து
கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.
மூன்று நாள், மூன்று குழம்பு.
யாருக்கு யார்மேல் கோபம் என்று அவருக்குத் தெரியாது.
காத்திருப்புப் படி
ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரியும்.

கிரிதரன் போன் செய்தார்.
'கப்பலேறின தேதிய
ஒரு மூணு நாள் முன்னால போட முடியுமா?'
கேட்டபின் அவரே சங்கடப்பட்டு இருமினார்.
முடியாது சார் என்றேன்.
பின்னால் ஷெட்டில் ஏதோ விழுந்து உருண்டது.
ஒரு பையன் ஒடியாவில் யாரையோ திட்டினான்.
ரொம்ப நேரம் இருவரும்
அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொண்டாட்டம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
மைசூர்பாகு தின்ற வாய்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கணினிக்கு மட்டும்தான்,
மின்விசிறிக்கு இல்லை.
பாரிமுனையின் ஹாரன் அத்தனையும்
ஜன்னல் வழியே ஏறி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
இன்று புதிதாக வந்திருக்கும் படிவத்தில்
எட்டாம் கட்டத்துக்குக் கீழே
இன்னொன்று முளைத்திருக்கிறது:
உருகிய நாடு எது?

உலோகத்தைத்தான் கேட்கிறார்கள்.

கழுத்திலிருந்து ஒரு சொட்டு
கீபோர்டில் விழுந்தது.
இதை மட்டும்
யாரையும் கேட்காமல் நிரப்பினேன்.