விரல் பதியவில்லை

கோரிப்பாளையம் சேவை மையம்.
டோக்கன் நாற்பத்தொன்று.
இடக்கை விரல் நான்கையும்
கண்ணாடிமேல் வைக்கச் சொன்னான் பையன்.
சிவப்பு.
"ஈரத்துணில துடைச்சிட்டு வைங்கம்மா."
சிவப்பு.
"அமுக்குங்க. நல்லா அமுக்குங்க."
அமுக்குவதையா எனக்குச் சொல்லித்தருகிறாய், தம்பி,
முப்பத்தோரு வருஷமாக
வேறென்ன செய்தேன்?

"என்ன வேலை பாக்குறீங்க? சித்தாளா?"

எனக்குப் பின்னால் நாற்பத்திரண்டு,
நகத்திடுக்கில் சிமெண்ட்டோடு,
சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறாள்
சொந்தக்காரியைப் பார்ப்பது போல.

என்ன வேலை என்று சொல்ல.
நேற்று உசிலம்பட்டியில் கல்யாண வரவேற்பு.
பாடுகிறவர் ராகத்தை நிறுத்திவிட்டு
பிளாஸ்க் திறக்கும் நேரம் என்னுடையது.
வெந்நீர் ஆறும்வரை நான் வாசிக்கலாம்.
நேற்று சீக்கிரம் ஆறிவிட்டது.
பந்தியிலிருந்து "இந்தப் பக்கம் ரசம்" என்ற குரல்
சுருதி பிசகாமல் வந்து சேர்ந்தது,
அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.
கவரில் ஆயிரத்து இருநூறு.
கடைசி பஸ்ஸில் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
மடியில்தானே வைத்திருக்கிறேன் என்றேன்.
"மடியில வச்சா பிள்ளையாயிருமா?"
ஆரப்பாளையம் வரைக்கும்
அதை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மகால் ஐந்தாம் தெருவில் எங்கள் வீடு.
அக்காள்கள் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டார்கள்,
அவர்களுக்கு நகம் தேய்ந்தது.
எனக்கு விரல்.

வானொலியில் மூன்று முறை ஆடிஷன்.
அங்கும் பெயர் கிடையாது, எண்தான்.
யாரோ, எந்த ஊரிலோ,
என்னைக் காணாமல் கேட்டு
பி-ஹை என்றார்கள்.
பி-ஹை என்றார்கள்.
மூன்றாம் தடவை கடிதத்தைப் பிரிக்காமலே
ராசின் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
ஒரு வாரம் கழித்துப் பிரித்தேன்.
பி-ஹை.

ஒரு தைப்பூசம், திருப்பரங்குன்றம்.
சரணத்தில் வார்த்தை மறந்து
வாயைத் திறந்தபடி நின்றார் பெரியவர்.
அந்த வரியை நான் வாசித்தேன்.
முழுதாக, அவர் மூச்சு விடும் இடத்தில்
மூச்சும் விட்டு.
இப்படித்தான் திட்டம்போல என்று
கூட்டம் கை தட்டியது.
இறங்கும்போது அவர் சொன்னார்:
"இன்னிக்கு மைக் சரியில்ல."

"ஒவ்வொரு விரலா வைங்க" என்கிறான் பையன்.
ஆள்காட்டி: சிவப்பு.
நடுவிரல்: சிவப்பு.
பேகடாவின் நிஷாதத்துக்கு நிலையான இடம் இல்லை,
இங்கேயா அங்கேயா என்று தேடி
தேய்ந்த விரல் அது.
அதன் ரேகை வேண்டுமென்றால்
தந்தியைத்தான் கேட்க வேண்டும்.
மோதிரவிரல்: யோசித்து, சிவப்பு.
சுண்டுவிரல்: பச்சை!
நாற்பத்தாறு வயதில்
உழைக்காத விரலால்தான்
நான் நான் என்று ஆகிறது.

நாற்பத்திரண்டு என் கையைப் பிடித்துத் திருப்புகிறாள்.
"என்னக்கா, இவ்ளோ காப்பு? எந்த சைட்டு?"
"வயலின்."
"அதுல இப்படி ஆகுமா?"
எலுமிச்சை தேய்த்துப் பார்க்கச் சொல்கிறாள்.
அவளுக்குப் போன மாதம் அதுவும் பலிக்கவில்லையாம்.

கடைசியில் பையன் எழுந்து வந்தான்.
விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறதாம்.
ரேகை இல்லாவிட்டால்
கையை விரித்துக் காட்டச் சொல்லி
போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

மேடைப் படங்களில் எப்போதும்
தோளோடு வெட்டுப்படுகிறவள் நான்.
நோட்டீஸில் கே.டி. நீலலோசனி என்பது
நீலலோஷினி ஆகும், ஒருமுறை நீலகண்டன்.
இன்று வெள்ளைச் சுவர் முன்னால்
முகம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும்
முழுதாக உட்கார்ந்தேன்.
"சிரிக்கக் கூடாதும்மா."

அவள் எண் கூப்பிடும்வரை நின்றுவிட்டு
டவுன்ஹால் ரோட்டுக்கு நடந்தேன்.
முதல் தந்தி வாங்க வேண்டும்.
சாயங்காலம் தல்லாகுளத்தில்
ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒரு பெண்.
இந்த வெயிலில் அறுந்தால்
கைவசம் இன்னொன்று இருக்கட்டும்.