ஒடுக்கம்

புதிய பாதரச விளக்கு
தம்மாம் சுங்கத்தில் நாற்பது நாளாய்ப் படுத்திருக்கிறது.
ஏதோ ஒரு தாளில் ஏதோ ஒரு முத்திரை இல்லையாம்.
மேலே ஒன்று சும்மா எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்றேன்.
டாக்டர் நகீப் சிரிக்கவில்லை.
மொட்டைமாடிச் சாவியைத் தந்தார்.

பென்சோஃபீனோன்.
வெள்ளைப் படிகம், லேசான பூவாசம்,
நாற்பத்தெட்டு டிகிரியில் உருகிவிடும்.
அதாவது ஜுபைலில், ஜூலையில்,
காருக்குள் மறந்துவிட்டால் போதும்.
ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து
அசிட்டிக் அமிலம் ஒரே ஒரு சொட்டு விட்டு
கழுத்துவரை நிரப்பி மூடினேன்.
இரண்டு குடுவை.
ஒன்றுக்கு மட்டும் அலுமினியத் தாள்,
மீந்த சப்பாத்திக்குச் சுற்றுவதுபோல்.

பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும்.
மூன்றுவரை வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
சாரம் கட்டுகிறவர்கள் இறங்கிப்போய்
கொட்டகைக்குள் அட்டைப்பெட்டி விரித்துச் சாய்வார்கள்.
அந்த மூன்று மணி நேரமும்
வளாகத்தின் வெட்டவெளியில்
வேலை செய்வது என் குடுவை ஒன்றுதான்.

மாடிக் கம்பியைச் சரிபார்க்க வந்த சேவுகன்
குனிந்து ஒட்டுச்சீட்டைப் படித்தார்.
"ஆல்கஹால்னு போட்டிருக்கே மேடம்.
இந்த ஊர்ல, மொட்டைமாடில.
உள்ளே தள்ளிருவான்."
குடித்தால் கண் போகும் என்றேன்.
"அப்ப அடிக்கிற வெயில் போதும்" என்று
துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஒடுக்கம் என்று பள்ளியில் எழுதவைத்தார்கள்.
அகராதி சொல்கிறது: சுருங்குதல், அடங்குதல், இடுக்கு,
சித்தர் அடங்கிய இடம்.
குடுவைக்குள்ளோ
ஒடுங்குகிறவன்தான் வாங்குகிறான்.
ஒளி பட்டதும் ஓர் ஆக்சிஜன் திடுக்கிட்டு
பக்கத்திலிருக்கும் ஆல்கஹாலிடமிருந்து
ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது.
கொடுத்தது
மெல்ல அசிட்டோனாகிவிடுகிறது,
நகச்சாயம் அழிக்கும் வாசனையோடு.
வாங்கியதுக்கும் நிம்மதியில்லை.
ஒற்றை எலக்ட்ரானை நீட்டிக்கொண்டு தவிக்கிறது,
அதேபோல் தவிக்கும் இன்னொன்று கிடைக்கும்வரை.
பிறகு கார்பனைக் கார்பன் பற்றிக்கொள்ளும்.
நூற்றெண்பது டிகிரி தாண்டும்வரை உருகாத பிடி.

ஆனால் கண்ணாடியிலேயே கொஞ்சம் காரம் ஊறிக் கிடக்கும்,
எவ்வளவு கழுவினாலும்.
சேர்ந்ததைப் பிரிக்க அவ்வளவு போதும்.
அதற்காகத்தான் அந்த ஒரு சொட்டுப் புளிப்பு.
(ஏழு வருடக் கல்யாணத்தில்
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.)

மூன்றாம் நாள் புழுதிக்காற்று.
அபாயாவின் கைநுனியால் குடுவையைத் துடைத்தேன்.
நான்காம் நாள் காலை அடியில் பொடிப்பொடியாய்,
மதியத்துக்குள் சுவரெங்கும்
உப்புப் பாத்தியின் விளிம்புபோல் படிகம்.
தாளைப் பிரித்துப் பார்த்தேன் மற்றதை.
அதே மாடி, அதே ஐம்பது டிகிரி, அதே நான்கு நாள்.
தண்ணீர்போலத் தெளிவாக நின்றது.
வெந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் கம்பெனி ரத்தப் பரிசோதனை.
வைட்டமின் டி பதினொன்று.
மருத்துவர் கேட்டார்: வெளியே போவதே இல்லையா?
திரை போட்ட பேருந்து.
ஜன்னல் இல்லாத ஆய்வகம்.
கறுப்புத் தாள் ஒட்டிய அடுக்ககக் கண்ணாடி.
சூடு மட்டும் எல்லா இடத்திலும் வருகிறது என்றேன்.
அவர் வாரம் ஒரு மாத்திரை எழுதினார்.
சேவுகனிடம் சொன்னபோது
கருகிய முன்கையை நீட்டினார்:
"எங்கிட்ட மிச்சம் கெடக்கு, எடுத்துக்குங்க."

விளக்கு நேற்று வந்துவிட்டது, முத்திரையோடு.
அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
ஒளி மூலம், வாட் அளவு, தயாரித்த நிறுவனம்.
முதலாவதில் சூரியன் என்று எழுதினேன்.
மற்ற இரண்டையும் நிரப்பச் சொல்லி
திருப்பி அனுப்பியிருக்கிறார் நகீப்.

மாடிச் சாவியை இன்னும் கேட்கவில்லை.
காலை ஆறரைக்கு ஏறிப்போய்
முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு
இரண்டாவது குடுவைக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன்.
அதற்குத் தாள் எடுத்து இரண்டு நாள்.
இன்னும் ஒன்றும் தெரியவில்லை.